எலிப் படத்தின் கீழோரம்

சாமி காலண்டரை பிரேம் போடக் கொண்டுவந்தால் நாங்கள் முதலில் செய்வது, அதன் அடியில் இருக்கும் துணிக்கடைப் பெயரை வெட்டி எடுப்பதுதான். யாரும் சொல்ல வேண்டியதில்லை. முருகன் காலடியில் ஜவுளிக்கடையின் போன் நம்பர் இருப்பதை எந்த வீட்டிலும் விரும்ப மாட்டார்கள். இரும்பு ஸ்கேலை வைத்து பிளேடை ஒரே இழுப்பாக இழுத்தால் ஓரம் கழன்று வந்துவிடும். பதினெட்டு வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். முதல் பதினாறு வருடம், வெட்டிய ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை.

கடை மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலைப் பக்கம். முதலாளியும் நானும் மட்டும்தான். அவர் முன்னால் நின்று சட்டம் அறுப்பார், வருகிறவர்களிடம் பேசுவார். நான் பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து படத்தை வெட்டுவேன், அட்டையில் ஒட்டுவேன், கண்ணாடி துடைப்பேன், பின்பக்கத்தைக் காக்கிக் காகிதத்தால் மூடுவேன். எனக்கு அந்தத் தடுப்பு வசதியாக இருந்தது. பன்னிரண்டாவது வரை படித்தவள்தான், எழுதப் படிக்க நன்றாகவே வரும். ஆனால் புதிய ஆளிடம் பேச வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஷேர் ஆட்டோவில் என் இடம் வரும்போது 'நிறுத்துங்க' என்று குரல் கொடுக்கக்கூட எனக்கு வராது. வேறு யாராவது இறங்கும் இடத்தில் நானும் இறங்கி, வந்த வழியே திரும்பி நடப்பேன். சில நாள் இரண்டு நிறுத்தம்கூட.

வீடு முடிச்சூரில், மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை. அம்மா இருந்தவரை இரண்டு பேர். அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. தம்பி மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறான். பொங்கலுக்கு வந்து போவான். கீழ்த்தளத்தில் குடியிருந்தபோது வந்த அந்தப் பெரிய வெள்ளத்தில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பம் ஊறிப் பிசுபிசுத்துப் போனது. அடுத்த ஆறு மாதம் கடைக்கு ஊர்க்காரர்களின் நனைந்த போட்டோக்கள்தான் வந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தி பிரேம் போட்டுக் கொடுத்தேன். எங்களுடையதில் ஒன்றும் தேறவில்லை. என் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் மட்டும் தொங்குகிறது, அடியில் கடைப் பெயரோடு.

டீச்சர் கடைக்கு வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஜூன் மாதக் காலையில். முடிச்சூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறவர், கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தடுப்பின் இடுக்கு வழியாக நான் பார்த்தது, வெளிர் நீலப் புடவை கட்டிய ஒரு வயதான அம்மா ஒரு நீள அட்டைக் குழாயைக் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு படியைக் காலால் தடவித் தடவி ஏறியதை.

முதலாளி குழாயிலிருந்து தாளை உருவி மேஜைமேல் விரித்தார்.

“இன்னா டீச்சர், எலியா?”

“எலிதான்.”

“பேரப் பசங்களுக்கா?”

“பேரப் பசங்க யாருமில்லை. எனக்குத்தான்.”

“சாமி ரூம்ல மாட்டிடாதீங்க. புள்ளையாரு எறங்கி வந்து ஏறிக்கினு பூடுவாரு.”

“எங்க வீட்டுல புள்ளையார் இல்லப்பா.”

“அப்ப எலி சேஃப்பு.”

டீச்சர் சிரித்தார். நானும் தடுப்புக்குப் பின்னால் சிரித்தேன்.

எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கார்ட்டூன் எலிதான். இரண்டு வட்டக் காதும் வாய் நிறையச் சிரிப்புமாக, பள்ளிப் பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் பிறந்தநாள் கேக்கிலும் இருக்கிற அதே எலி. நாலு கட்டம் போட்டு நாலு முறை அடித்திருந்தது. ஒன்று ரோஸ் முகம் மஞ்சள் காது, ஒன்று பச்சை முகம் சிவப்புக் காது, இன்னும் இரண்டு நீலத்திலும் ஆரஞ்சிலும். பின்னணியில் சின்னச் சின்னப் புள்ளிகள். எந்த எலிக்கும் அந்த நிறம் கிடையாது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

முதலாளி விரலால் நிறத்தைத் தடவிப் பார்த்தார். “இது மிஷின்ல அடிச்சது இல்ல. ஸ்கிரீன் பிரிண்டிங். கல்யாணப் பத்திரிகை அடிப்பாங்களே, அந்த மேரி. ஒவ்வொரு கலரா கையால இழுத்துகீறாங்க. யாரு அடிச்சது?”

“என் பொண்ணு” என்றார் டீச்சர்.

அவர் செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தபோது முதலாளி தாளை என்னிடம் கொண்டுவந்தார். அவர் கையில் ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஒரு கறுப்புச் சட்டம் இருந்தது. அதைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தார். “சுத்தி வெள்ளைய எடுத்துட்டா அளவா குந்தும். எடுத்துடு.”

மறுநாள் வேலையை எடுத்தேன். நாலு எலிகளுக்கும் இடது காதின்மேல் குறுக்கே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தது. அச்சுக் கோளாறு என்று நினைத்து பஞ்சால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. நாலிலும் ஒரே இடத்தில் இருந்ததால் ஸ்கிரீனில் கீறல் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். தாளைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளை ஓரம். கீழோரத்தில் பென்சிலால் மெல்லிசாக என்னவோ எழுதியிருந்தது. இடது மூலையில் மூன்று, ஒரு கோடு, பத்து என்று எண் தெரிந்தது. அச்சகத்தில் இப்படித்தான் எத்தனையாவது தாள் என்று ஓரத்தில் குறித்து வைப்பார்கள். நான் மேற்கொண்டு படிக்கவில்லை. துணிக்கடைப் பெயரைப் படிக்காததுபோல.

ஸ்கேலை வைத்தேன். நாலு இழுப்பு. நாலு ஓரமும் கழன்று விழுந்தன. படத்தைப் பசை போட்டு அட்டையில் ஒட்டி, கண்ணாடி வைத்துச் சட்டத்தில் இறக்கி, பின்பக்கத்தை மூடினேன். சுத்தமான வேலை. முதலாளிகூடத் தூக்கிப் பார்த்துவிட்டு, “எலி ஷோக்கா கீது” என்றார்.

என் வீடும் முடிச்சூர் என்பதால் படத்தைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வரும் வேலையை என்னிடமே கொடுத்தார். டீச்சர் வீடு இரண்டாவது மாடி. கூடத்தில் நாற்காலிக்கு எதிரே ஆணி அடித்து மாட்டினேன். டீச்சர் தன் மூக்கு படத்தின் கண்ணாடியில் படும் அளவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“கலர் மட்டும் தெரியுதும்மா. ரோஸ் தெரியுது. அது பச்சைதானே?”

தலையாட்டினேன்.

“ஒரு கண்ணு ரொம்ப நாள் முன்னாடியே போயிடுச்சு. இருக்கிற ஒண்ணுல புரை. அடுத்த மாசம் ஆபரேஷன்.” கண்ணாடியின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். “கீழே பென்சில்ல எழுதியிருக்கு இல்ல, அது இருக்கா?”

நான் வெட்டி எடுத்த ஓரம் அது. அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன், ஆமாம் என்பதுபோல. ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

அவருக்கு அது தெரியவில்லை. “என்னம்மா, இருக்கா?”

வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. “இருக்கு டீச்சர்.”

“படிக்காதே. நானே படிச்சுக்கறேன்.”

அன்று காபி போட்டுக் கொடுத்துவிட்டு அவரே சொன்னார். ஒரே மகள். கணவர் மகள் கல்லூரியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். மகளுக்கு வங்கி வேலை கிடைத்தது. மூன்று வருடம் பார்த்துவிட்டு அதை உதறிவிட்டு, பாண்டிச்சேரியில் யாரோ நாலு பேர் சேர்ந்து நடத்தும் அச்சுப் பட்டறையில் போய்ச் சேர்ந்தாள். 'எலியும் பூனையும் வரைஞ்சா யாரு சோறு போடுவா' என்று டீச்சர் கேட்டிருக்கிறார். வேறு சிலதும் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஐந்து வருடம் பேச்சில்லை. போன மாதம் கூரியரில் இந்தக் குழாய் வந்தது. உள்ளே கடிதம் இல்லை.

“பக்கத்து வீட்டு அம்மாதான் பிரிச்சுப் பார்த்துட்டு, கீழே பென்சில்ல என்னமோ எழுதியிருக்கு, படிக்கட்டுமான்னாங்க. வேணாம்னுட்டேன். திட்டியிருந்தாலும் நான்தானே படிக்கணும்? இன்னொருத்தர் வாயால எதுக்கு.” டம்ளரை வைத்துவிட்டு என் முகம் இருக்கும் திசையைப் பார்த்தார். “நல்லதா எழுதியிருந்தாலும் அப்படித்தான்.”

மறுநாள் கடையைத் திறந்ததும் குப்பை மூட்டையை அவிழ்த்தேன். அது காலியாக இருந்தது. பழைய பேப்பர்காரர் முதல் நாள் மாலையே வந்து போயிருந்தார். அவர் எங்கே கொண்டுபோய்ப் போடுவார் என்று முதலாளியைக் கேட்கலாம். கேட்டால் ஏன் என்பார். நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அவர்தான் வரச் சொன்னார். பேப்பர் படித்துக் காட்ட ஆள் வேண்டும் என்றார். நாற்காலியில் அவர், கீழே பாயில் நான், எதிர்ச் சுவரில் நாலு எலிகள். தலைப்புச் செய்தியிலிருந்து கடைசிப் பக்கத்து மரண அறிவிப்புவரை படிப்பேன். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், குடியிருப்புச் சங்கத்தின் நோட்டீஸ் எல்லாம் நான்தான் படித்தேன். “உனக்கு நல்ல குரல்மா. ஏன் உள்ளேயே வெச்சுக்கறே?” என்று கேட்டார். இத்தனை வயதில் என் குரலைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. திங்கள் முதல் சனி வரை, அடுத்த ஞாயிறு அவரிடம் சொல்வதற்கு ஏதாவது கிடைக்குமா என்று ஷேர் ஆட்டோவில் பராக்குப் பார்த்துக்கொண்டே போவேன். ஒருமுறை, என் நிறுத்தத்தில் இறங்கத் தெரியாத கதையைச் சொன்னேன். டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அப்ப யாருமே இறங்கலைன்னா கடைசி ஸ்டாண்டு வரைக்கும் போயிடுவியா?” “போயிருக்கேன் டீச்சர்” என்றேன்.

சிரித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் எலிகள்.

மூன்றாவது வாரம் கடையில் ஒரு கல்யாண போட்டோவுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடி சட்டத்தைவிட ஒரு நூல் சின்னதாக இருந்தால் உள்ளே ஆடும். அப்படி ஆடாமல் இருக்க, வெட்டிப் போட்ட ஓரக் காகிதத்தை நீளவாக்கில் மடித்துச் சட்டத்தின் இடுக்கில் சொருகிவிடுவோம். கெட்டிக் காகிதமாக இருந்தால் ரொம்ப நல்லது. கை தானாகச் செய்யும் வேலை. அன்று கை பாதியில் நின்றது. டீச்சரின் தாள் கெட்டித் தாள். முதலாளி கொடுத்தது எதற்கோ செய்து வைத்த சட்டம். அதில் கண்ணாடி ஆடியது. அதைச் சொருகி நிறுத்தினேன். எதை வைத்துச் சொருகினேன்?

அது குப்பைக்குப் போகவே இல்லை. மகள் எழுதியது டீச்சர் வீட்டிலேயே, அவர் தினமும் உட்காரும் நாற்காலிக்கு எதிரே, கண்ணாடிக்குப் பக்கத்து இடுக்கில் மடித்துச் சொருகியபடி இருந்தது.

அடுத்த ஞாயிறே சொல்லியிருக்கலாம். சட்டம் ஆடுகிறது, கழற்றிச் சரி செய்து தருகிறேன் என்று பொய் சொல்லியாவது எடுத்திருக்கலாம். ஆனால் படம் அட்டையோடு ஒட்டிக் காய்ந்துவிட்டது. வெட்டியதைத் திரும்பச் சேர்க்க முடியாது. சொன்னால் வெட்டியதைச் சொல்ல வேண்டும். அதோடு, இருக்கு டீச்சர் என்று சொன்னதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை இருக்காது. அன்றும் மரண அறிவிப்புவரை படித்துவிட்டு வந்தேன்.

ஆபரேஷனுக்குக் கூட ஒரு ஆள் வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். டீச்சர் என்னைக் கேட்டார். முதலாளியிடம் லீவு கேட்டேன். “பதினாறு வருசத்துல நீ வாயத் தொறந்து லீவு கேட்டது இதான் மொத தபா. போ” என்றார்.

கண் ஆஸ்பத்திரி தாம்பரத்திலேயே. நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு, “கூட வந்திருக்கிறது யாரு பாட்டி? பொண்ணா?” என்று கேட்டார். டீச்சர் கொஞ்சம் யோசித்தார். “எழுதிக்கோம்மா. என்ன எழுதினா என்ன” என்றார். நர்ஸ் என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தேன். கண்ணின்மேல் பஞ்சு வைத்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. மறுநாள் காலை பிரிப்பார்கள். டீச்சருக்கு இப்போது நிறம்கூடத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து, “நாளைக்குக் கட்டைப் பிரிச்சதும் நேரா வந்து அதைத்தான் பார்க்கப் போறேன். கண்ணாடி போட ஒரு மாசம் ஆகுமாம். பூதக்கண்ணாடி வெச்சாவது படிச்சுடுவேன்” என்றார்.

கண் திறந்திருக்கும் ஒருவர் முன்னால் என்னால் அதைச் சொல்லியிருக்க முடியாது. அன்று அவர் கண் மூடியிருந்தது. எனக்கு அது தடுப்புபோல இருந்தது.

“டீச்சர், கீழே எழுதினது அங்க இல்லை.”

“என்னது?”

“நான் வெட்டிட்டேன். வெள்ளை ஓரம்னு வெட்டிட்டேன். காலண்டருக்கு வெட்டற மாதிரி. அன்னைக்கு இருக்குன்னு சொன்னது பொய். ஆனா தொலையலை. சட்டத்துக்குள்ளதான் சொருகியிருக்கேன்னு நினைக்கிறேன்.”

கீழே யாரோ தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார்கள். அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

“எடு” என்றார். “படிக்காம எடு.”

படத்தை இறக்கிக் குப்புற வைத்தேன். பையில் குறடு கொண்டு போயிருந்தேன். சொல்லிவிடுவேன் என்று எனக்கே தெரியாமல் எடுத்துப் போட்டிருக்கிறேன். காக்கிக் காகிதத்தைக் கிழித்து ஆணிகளைப் பிடுங்கினேன். நாலு பக்கத்து இடுக்கிலும் ஒவ்வொன்றாக மடித்த ஓரங்கள். மேலேயும் பக்கங்களிலும் இருந்தவை வெறும் வெள்ளை. அடியில் இருந்ததை இழுக்கும்போது பென்சில் நிறம் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உருவினேன். அவர் கையில் வைத்தேன்.

அவர் அதை விரித்து, மடிப்பைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து நேராக்கினார். பிறகு கட்டில் தலைமாட்டில் இருந்த வேதப்புத்தகத்தை எடுத்துத் தரச் சொல்லி, அதற்குள் வைத்து மூடினார்.

“தெரியாம வெட்டினே. அதை விடு. நாலு ஞாயித்துக்கிழமை, இங்கேயே உக்காந்து, ஊரு பேப்பரையெல்லாம் படிச்சே.”

“நாளைக்குக் காலையில நீ வர வேண்டாம்மா. பக்கத்து வீட்டு அம்மா வருவாங்க.”

படத்தைத் திரும்ப மூடி மாட்டினேன். ஓரங்கள் இருந்த நாலு இடுக்கிலும் என் கைக்குட்டையைக் கிழித்துச் சொருகினேன். மீதி மூன்று வெள்ளை ஓரங்களைத் தரையில் விட்டுவர மனமில்லாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு மாதம் போனது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு நீளமாக இருந்தது. துணி துவைத்து, சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்தாலும் மணி பதினொன்றுதான் ஆகும். ஒரு நாள் பேப்பர் வாங்கி வந்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். சுவரில் மோதித் திரும்பி வந்த குரல் யாருடையதோபோல் இருந்தது. நிறுத்திவிட்டேன்.

டீச்சர் கடைக்கு வந்தது ஒரு புதன்கிழமை. படியைத் தடவாமல் ஏறினார். மூக்கில் புதுக் கண்ணாடி. ஆட்டோக்காரர் பின்னாலேயே படத்தைத் தூக்கி வந்தார். முதலாளி, “வாங்க டீச்சர், எலி கடிச்சிச்சா?” என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

“எங்கே அவ?”

நான் தடுப்பை விட்டு வெளியே வந்தேன். டீச்சர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் என் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

“நீதானா? நான் ஒல்லியா, உயரமா நெனச்சு வெச்சிருந்தேன்.”

“குரல் மட்டும்தான் டீச்சர் ஒல்லி” என்றார் முதலாளி. “ஆளு இங்கதான், பதினாறு வருசமா அசையாம குந்திகினு கீது.”

டீச்சர் பையிலிருந்து ஒரு நோட்டுக்குள் வைத்திருந்த அந்த ஓரத்தை எடுத்தார். “இப்ப படி.”

நடுவில் ஒரு மடிப்புக் கோடு, ஒரு இடத்தில் பசைக் கறை. இடது மூலையில் அந்த எண். நடுவில் பென்சிலால், பிள்ளைகள் நோட்டு அட்டையில் ஒட்டும் லேபிளில் எழுதுவதுபோல் எழுதியிருந்தது. பெயர் என்று போட்டு, அதற்கு நேரே வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். வகுப்பு என்று போட்டு, நான்கு. பிரிவு என்று போட்டு, பி. பொருள் என்று போட்டு, பென்சில் பாக்ஸ். அவ்வளவுதான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

“நாலாவது பி நான் எடுத்த கிளாஸ்” என்றார் டீச்சர். “அவளும் அதுலதான் இருந்தா. டீச்சர் பொண்ணுன்னு சலுகை காட்டறேன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு, அவகிட்ட மட்டும் ரெண்டு மடங்கு கண்டிப்பா இருந்தேன். இந்த எலி போட்ட தகர டப்பாவை எல்லாருக்கும் காட்டிட்டு இருந்தா. பிடுங்கி அலமாரியில வெச்சுப் பூட்டினேன். பரீட்சை முடிஞ்சதும் தரேன்னேன். ஆண்டு விழாவுல வேற ஒரு பிள்ளைக்குப் பரிசா கொடுத்துட்டாங்க. நானும் கவனிக்கலை. அவளும் அதுக்கப்புறம் கேட்கலை.” படத்தின்மேல் விரலை வைத்து, நாலு காதுகளின் குறுக்கே இருந்த கோட்டைக் காட்டினார். “இது அவ டப்பாவுல காம்பஸால கீறினது. தன்னோடதுன்னு அடையாளத்துக்கு.”

நான் பஞ்சால் துடைத்த கோடு. துடைத்தபோது போகாதது நல்லதாயிற்று.

“பேசினீங்களா டீச்சர்?” என்று கேட்டேன். கேட்டது நான்தான்.

“போன் பண்ணேன், எடுக்கலை. சாயங்காலம் அவளே பண்ணா. அரை மணி நேரம் பேசினோம். எல்லாம் மழை, வெயில், தண்ணி வருதான்னு. பாக்ஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வந்து கொஞ்ச நாள் இருன்னா. இதைச் சரி பண்ணி எடுத்துட்டுப் போகணும். வெட்டினது தெரியட்டும், பரவாயில்லை. ஆனா அது வெளியில இருக்கணும்.”

பெரிய சட்டமாக அறுக்கச் சொல்லி, வெள்ளை அட்டையில் இரண்டு ஜன்னல் வெட்டினேன். எலிகளுக்குப் பெரிதாக ஒன்று, அதற்குக் கீழே அந்த ஓரத்துக்கு நீளமாக ஒன்று. இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். இந்த முறை ஓரத்தைப் பசை போட்டு ஒட்டாமல், நாலு மூலையிலும் காகிதக் கொக்கி வைத்து நிறுத்தினேன். முதலாளி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, “எலிக்கு இன்னாமா மரியாத” என்றார். நடந்ததை அப்போது அவரிடம் சொன்னேன். அவர், “வெள்ளைய எடுன்னு சொன்னது நானு” என்றார்.

டீச்சரைப் பெருங்களத்தூரில் பாண்டிச்சேரி பஸ் ஏற்றிவிடப் போனேன். படத்தை அட்டை வைத்துப் பழைய போர்வையில் சுற்றியிருந்தேன். கண்டக்டர் லக்கேஜ் கீழே வைக்கச் சொன்னார், டீச்சர் மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாக என்னிடம், “நான் இன்னும் உன்மேல கோவமாத்தான் இருக்கேன்” என்றார். “தெரியும் டீச்சர்” என்றேன். “எதிர்ல பார்த்துப் பேசறே பாரு, அது நல்லது” என்றார். பஸ் கிளம்பியது.

கொஞ்ச நாள் என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார். முடிச்சூர் வீட்டுக்கு வேறு ஆட்கள் வாடகைக்கு வந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு டீச்சர் முதலாளியை போனில் கூப்பிட்டு என்னையும் விசாரித்தாராம். நான் அப்போது சாப்பிடப் போயிருந்தேன். திரும்பக் கூப்பிடு என்று முதலாளி சொன்னார். இரண்டு தடவை நம்பரைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன். என்ன சொல்வது என்று தெரிந்த பிறகு கூப்பிடலாம் என்று இருக்கிறேன்.

இப்போது யார் எந்தப் படத்தைக் கொண்டுவந்தாலும் தடுப்பை விட்டு வெளியே வந்து, “கீழே இருக்கிறதை வெட்டலாமா?” என்று கேட்கிறேன். பெரும்பாலும் “இதெல்லாமா கேப்பாங்க, வெட்டுங்க” என்பார்கள். கேட்டுவிட்டுத்தான் வெட்டுகிறேன். படித்துவிட்டும்.

அந்த மூன்று வெள்ளை ஓரங்கள் என்னிடம் இருந்தன. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றை எடுத்து வைத்துப் பென்சிலைச் சீவினேன். பெயர் என்று எழுதி, அதற்கு நேரே அம்மா என்னைக் கூப்பிட்ட பெயரை எழுதினேன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. தம்பிக்கு நான் வெறும் அக்கா. வகுப்பு, பன்னிரண்டு. பிரிவு, சி. பொருள் என்று போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்கு நேரே என்ன போடுவது என்று தோன்றவில்லை. விட்டுவிட்டேன்.

மறுநாள் மாடம்பாக்கத்திலிருந்து ஒருவர் தன் பெற்றோரின் அறுபதாம் கல்யாண போட்டோவுக்குச் சட்டம் போடக் கேட்டிருந்தார். கண்ணாடி ஒரு நூல் ஆடியது. கெட்டிக் காகிதமாக வேண்டியிருந்தது. பையில் இருந்த என் ஓரத்தை நீளவாக்கில் மடித்து, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி அடியில் சொருகி, ஆணி அடித்து மூடினேன்.

நானே கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தேன். தெருவைப் பார்த்த வீடு. கதவு திறந்திருந்தால் வாசலிலிருந்தே அந்தப் படம் தெரியும். அதைப் பார்க்கப் போனால் ஷேர் ஆட்டோவில் அங்கே யாரும் இறங்க மாட்டார்கள். நான்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும்.